டெல் ஸ்டார் டாட் ஸ்டார் வீரர்களுக்கு

டிஸ்கி 1: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிங்க.

டிஸ்கி 2: கமாண்டுகளைத் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். பொட்டியில தட்டும்போது ஆங்கிலத்துல தட்டுங்க. அப்படியே காப்பி பண்ணி ஒட்டிட்டு "வேலை செய்யல"ன்னு பின்னூட்டம் போடாதீங்க :-)

மூணே மூணு வரி. முதல் வரி, நெட் ஸ்டாப் ஸ்பூலர். ரெண்டாவது வரி, விண்டோஸுக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரின்டர்ஸ் ஃபோல்டர், அங்க போய் ஒரு டெல் ஸ்டார் டாட் ஸ்டார். மூணாவது வரி, நெட் ஸ்டார்ட் ஸ்பூலர். இதை நோட்பேடுல தட்டி, டாட் பேட்னு சேமிச்சு, டெஸ்க்டாப்புல போட்டு, "பிரின்டர் சரி செய்ய இதை அமுக்கவும்"னு பேர் வெச்சுட்டா நீங்க சிஸ்டம் அட்மின். வாழ்த்துகள்.

தமிழ்ல தொழில்நுட்பம் எழுதுற நம்ம ஆட்கள்ல பாதிப் பேர் இந்த மூணு வரியை ஒரு தடவையாவது பதிவா போட்டிருக்காங்க. "பிரின்டர் மக்கர் பண்ணுதா? ஒரே கிளிக்கில் தீர்வு!" என்று தலைப்பு. கீழே "அருமை நண்பா", "மிக்க நன்றி தல" என்று வரிசையாக வாழ்த்து. இப்போ வாட்ஸப்பிலும் சுத்துது. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பாங்களான்னு தேடிப் பார்த்தேன். அந்தக் கேள்வி இதுதான்: அந்த ஃபோல்டருக்குள்ள இருந்தது யாரோடது?

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்விதான். பிரிண்ட் வரிசையை கமாண்ட் லைனில் நிர்வகிப்பதற்கு நான் எதிரி இல்லை. அதைத்தான் பத்து வருஷத்துக்கும் மேலா செய்து சோறு சாப்பிடுறேன். மதுரையைச் சுத்தி இருக்கிற சின்னச் சின்ன அலுவலகங்களுக்கு ஏஎம்சி எடுத்துப் பொட்டிகளைப் பார்த்துக்கிறவன் நான். ஸ்கிரிப்ட் எழுதுங்க, நல்லா எழுதுங்க. ஆனா வரிசையில நிக்கிற மனுஷங்களைப் பார்க்காம, வரிசையையே கொளுத்துற ஸ்கிரிப்டை "தீர்வு"ன்னு சொல்லாதீங்க.

முதல்ல, எதை அழிக்கிறோம்னு தெரிஞ்சுக்குவோம்.

கணினி வேகம், பிரின்டர் மெதுவு. இந்தப் பொருத்தமில்லாத கல்யாணத்தை நடத்தி வைக்க வந்ததுதான் ஸ்பூலிங். 1960களில், ஹூஸ்டனில் இருந்த நாசா மையத்தில் ஐபிஎம் பெருங்கணினிகளுக்காக ஹாஸ்ப் என்று ஒரு மென்பொருள் எழுதினார்கள். அந்தப் பெயரை விரித்தாலே நடுவில் ஸ்பூலிங் என்ற சொல் வரும். வேலையை வாங்கி வட்டில் வைத்துக்கொள், பிரின்டர் காலியானதும் ஒவ்வொன்றாக அனுப்பு, கேட்டவன் காத்திருக்க வேண்டாம், அவன் வேற வேலையைப் பார்க்கட்டும். இவ்வளவுதான் சங்கதி. இதுல ஒரு வாக்குறுதி இருக்கு பாருங்க: "நீ கொடுத்ததை நான் வெச்சிருக்கேன், உன் முறை வரும்போது தர்றேன்." அந்த வாக்குறுதியை நம்பித்தான் நீங்க பிரிண்ட் பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போறீங்க.

விண்டோஸில் அந்த வாக்குறுதி ரெண்டு ஃபைலா உட்கார்ந்திருக்கும். ஒண்ணு எஸ்பிஎல், அச்சடிக்க வேண்டிய சரக்கு. இன்னொண்ணு எஸ்எச்டி, அந்தச் சரக்கோட விலாசம்: யார் அனுப்பினது, என்ன பேர், எந்த பிரின்டர். டெல் ஸ்டார் டாட் ஸ்டார் போடும்போது சரக்கும் போச்சு, யாருடைய சரக்கு என்ற விலாசமும் போச்சு. பொணத்தை எரிச்சதோட பேரேட்டையும் சேர்த்து எரிச்ச மாதிரி. அப்புறம் "எதுவும் தொலையலையே சார்"னு சொல்லலாம். சாட்சிதான் இல்லையே!

"அதான் ஈவென்ட் லாக் இருக்கே"ன்னு ஒருத்தர் கிளம்புவார், தெரியும். பிரிண்ட் சர்வீஸுக்குன்னு ஆபரேஷனல் லாக் ஒண்ணு இருக்கு, அச்சான ஒவ்வொரு வேலையும் 307 என்ற எண்ணில் அதில் பதியும். ஆனா அது தானா ஓடாது, நீங்கதான் இயக்கி வைக்கணும். மூணு வரி பேட் ஃபைல் போட்டவர் அதை இயக்கி வெச்சிருப்பாருன்னு நம்புறீங்களா? நான் இதுவரை போன எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

இப்போ ஒரு நிஜக் கதை. பேர் ஊர் எதுவும் கேட்காதீங்க.

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். காலையில ஏழு மணிக்கு வெறும் வயித்தோட ஆட்கள் வந்து நிப்பாங்க. பத்து மணிக்குள்ள ரிப்போர்ட் கொடுக்கணும், அதை எடுத்துக்கிட்டு அவங்க டாக்டர்கிட்ட ஓடணும். எனக்கு முன்னாடி அங்க பார்த்துக்கிட்டிருந்தவர் நம்ம மூணு வரி வீரர். பிரின்டர் அடிக்கடி நிக்குதுன்னு புகார் வர, அந்த பேட் ஃபைலை டாஸ்க் ஷெட்யூலரில் மாட்டி, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாகவே ஓடும்படி வெச்சுட்டுப் போயிட்டார். புகார் நின்னுடுச்சு. அவருக்கு நல்ல பேர்.

அதுக்கப்புறம் வேற ஒரு புகார் ஆரம்பிச்சது. சில ரிப்போர்ட் வரலை. தினமும் இல்லை, எல்லாருக்கும் இல்லை, அங்கொண்ணு இங்கொண்ணு. டெக்னீஷியன் பொண்ணு "நான் பிரிண்ட் கொடுத்தேன்"னு சொல்லுது, மேனேஜர் "கொடுத்திருந்தா வந்திருக்கும்ல"ங்கிறார். ஒரு பெரியவர் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரிப்போர்ட்டுக்காக மதியம் வரைக்கும் பெஞ்சுல உட்கார்ந்திருந்திருக்கார். அந்தப் பொண்ணுகிட்ட "கவனக்குறைவாக இருந்தேன், இனி நடக்காது"ன்னு கடிதம் எழுதி வாங்கியிருக்காங்க. ரெண்டு தடவை.

நான் போனப்போ அது என்கிட்ட சொன்னது: "அண்ணா, நான் அமுக்குறேண்ணா. சத்தியமா அமுக்குறேன். திரும்பிப் பார்த்தா வரிசையில காணோம். வந்துடுச்சுன்னுதான நெனப்பேன்?"

அது நெனச்சதுல என்ன தப்பு? வேலை முடிஞ்சாலும் வரிசையில இருந்து பேர் மறையும், யாரோ அழிச்சாலும் மறையும். திரையில ரெண்டும் ஒண்ணுதான்.

டாஸ்க் பட்டியலைக் கேட்டதும் கமாண்ட் லைன் ஒரு நிமிஷத்துல காட்டிக் கொடுத்துடுச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க. ராத்திரியில, மதியத்துல, வரிசை காலியா இருக்கும். அப்ப அந்த டாஸ்க் ஓடினா ஒண்ணும் ஆகாது. காலையில ஏழுல இருந்து பத்து வரைக்கும் வரிசை காலியாவே இருக்காது. அப்ப ஓடுற ஒவ்வொரு தடவையும் அது யாரோ ஒருத்தரோட ரிப்போர்ட்டைத் தின்னும். அதாவது, கூட்டம் அதிகமா இருக்கும்போதுதான் இந்த ஸ்கிரிப்ட் அதிகமா கொல்லும். யாருக்கும் தேவையில்லாத நேரத்துல சாதுவா இருக்கும். அட்மின் வந்து சோதிச்சுப் பார்க்கிறது எப்பவும் கூட்டம் இல்லாத நேரத்துல. அதனால அட்மின் கண்ணுக்கு அது எப்பவும் சாதுதான்.

சரி, ஆரம்பத்துல பிரின்டர் ஏன் நின்னுச்சு? இதுதான் வயித்தெரிச்சல். ஒரே ஒரு கணினியில தாள் அளவு லெட்டர்னு இருந்தது. அமெரிக்கா அளவு, 215.9க்கு 279.4 மில்லிமீட்டர். ட்ரேயில இருந்தது நம்ம ஏ4, 210க்கு 297. அந்தக் கணினியில இருந்து ஒரு வேலை போனதும் பிரின்டர் "லெட்டர் தாள் வை"ன்னு கேட்டு நின்னுடும். அதுக்குப் பின்னாடி நிக்கிற எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க. 1999ல் வந்த ஆபீஸ் ஸ்பேஸ் படத்துல "பிசி லோட் லெட்டர்"னு பிரின்டர் காட்டினதும் ஒருத்தன் கத்துவானே, அதே வியாதி. அந்தக் கணினியில அளவை மாத்தி, பிரின்டர்லயும் ஏ4க்கும் லெட்டருக்கும் பேதம் பார்க்காதேன்னு இருந்த அமைப்பை இயக்கிவிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சு நிமிஷத்தைச் செலவழிக்காததுக்கு ஒரு பொண்ணு ரெண்டு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கு.

இதுதான் என்னோட முதல் குற்றச்சாட்டு. மொத்தமா அழிக்கிற ஸ்கிரிப்ட் நோயை மறைக்கும். வரிசை நிக்கிறது ஒரு சேதி. தாள் அளவு தப்பு, டிரைவர் தப்பு, ரவுட்டர் பிரின்டருக்கு வேற ஐபி கொடுத்துடுச்சு, போர்ட் அமைப்புல எஸ்என்எம்பி டிக் இருக்கிறதால உயிரோட இருக்கிற பிரின்டரை விண்டோஸ் "ஆஃப்லைன்"னு சொல்லுது... இப்படி ஏதோ ஒண்ணு. காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரை உடைச்சுப் போடுறவனை டாக்டர்னு சொல்லுவோமா?

ரெண்டாவது குற்றச்சாட்டு, பாதியில் அறுக்கிறது. லேசர் பிரின்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு இது புரியாது. லாரி செட்டு, மில்லு, மொத்த வியாபாரக் கடைப் பக்கம் வந்து பாருங்க. இன்னிக்கும் டாட் மேட்ரிக்ஸ்தான் கரகரன்னு ஓடிக்கிட்டிருக்கு. காரணம் உண்டு, கார்பன் வெச்சு மூணு பிரதி ஒரே அடியில எடுக்க லேசரால முடியாது. அதுல ஓடுறது ஓரத்துல ஓட்டை போட்ட தொடர்தாள், பல இடத்துல முன்கூட்டியே வரிசை எண் அச்சடிச்ச பில். பாதி பில் ஓடிக்கிட்டிருக்கும்போது வரிசையை அழிச்சா, தாள் நடுவுல நிக்கும். அடுத்த பில் அந்த நடுவுல இருந்து ஆரம்பிக்கும். தலைப்பு ஒரு தாள்ல, மொத்தத் தொகை அடுத்த தாள்ல. தாள்ல இருக்கிற எண்ணும் கணினியில இருக்கிற எண்ணும் ஒண்ணு தள்ளிப் போச்சுன்னா, அன்னிக்கு ராத்திரி கணக்குப்பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொண்ணா "ரத்து"ன்னு எழுதணும். வாசல்ல லாரி நிக்கும். டிரைவர் திட்டுறது பேட் ஃபைல் எழுதினவரை இல்லை, பில் போடுற தம்பியை.

மூணாவது குற்றச்சாட்டு, பாதுகாப்பு. ஸ்பூலரை நிறுத்த அட்மின் அதிகாரம் வேணும். சாதாரண ஊழியர் அந்த பேட் ஃபைலை அமுக்கினா "ஆக்சஸ் டினைட்"னு வரும். உடனே நம்ம வீரர் என்ன பண்ணுவார்? எல்லாரையும் அட்மின் ஆக்கிடுவார். இல்லேன்னா ரன்அஸ் கமாண்டுல சேவ்கிரெட்னு ஒரு வாலைச் சேர்த்து, அட்மின் பாஸ்வேர்டை அந்தக் கணினியிலேயே சேமிச்சு வெச்சுடுவார். அதுக்கப்புறம் அந்த நாற்காலியில உட்காருற யாரும், அந்த பேட் ஃபைல் மட்டுமில்லை, எதை வேணும்னாலும் அட்மினா ஓட்டலாம். ஒரு ஜாம் எடுக்கிறதுக்காக வீட்டுச் சாவியைக் கதவுலயே தொங்க விட்ட கதை.

இந்த ஸ்பூலர் சும்மா விளையாட்டுப் பொருள் இல்லை சாமி. 2010ல் உலகமே பேசின ஸ்டக்ஸ்நெட் பரவ வழிகொடுத்த ஓட்டைகள்ல ஒண்ணு பிரிண்ட் ஸ்பூலர்ல இருந்தது. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர்னு பெரிய கலாட்டா, மைக்ரோசாஃப்ட் அவசரமா வழக்கமான தேதிக்குக் காத்திருக்காம திருத்தம் வெளியிட்டது. அதே வருஷம் ஆகஸ்டுக்கு அப்புறம் பகிர்வு பிரின்டரோட டிரைவரைப் போடவே அட்மின் அதிகாரம் வேணும்னு ஆக்கிட்டாங்க. "நாங்க லினக்ஸ், எங்களுக்கு ஒண்ணும் இல்லை"ன்னு சிரிச்சவங்களுக்கு 2024 செப்டம்பர்ல கப்ஸ்-பிரவுஸ்டு ஓட்டை வந்து கணக்கை நேர் பண்ணுச்சு. இப்படிப்பட்ட ஒரு சர்வீஸை நிறுத்தி எழுப்புற அதிகாரத்தை டெஸ்க்டாப் ஐகானா விநியோகம் பண்றதை என்னன்னு சொல்றது?

திட்டுறது மட்டும்தானா, மாற்று என்ன? சொல்றேன். என் ஸ்கிரிப்ட் எல்லாம் இந்த வரிசையிலதான் ஓடும்.

1. முதல்ல பார். பவர்ஷெல்லில் கெட்-பிரின்ட்ஜாப். பிரின்டர் பேரைக் கொடுத்தா வரிசையில நிக்கிறதெல்லாம் வரும். ஒரு விஷயம், அனுப்பினவர் பேரை அது தானா காட்டாது, யூசர்நேம்னு கேட்டு வாங்கணும். கேட்டு வாங்குங்க. அந்த ஒரு பத்திதான் இந்தப் பதிவோட மொத்த சாரமும்.

2. எழுது. பார்த்ததை நேரத்தோட ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேர்த்து வை. நாளைக்கு "நான் கொடுத்தேன்"னு ஒருத்தர் சொன்னா, அவர் சொல்றது நிஜம்னு சாட்சி சொல்ல ஏதாவது வேணும்.

3. மாட்டினதை மட்டும் எடு. பெரும்பாலும் முதல்ல நிக்கிறதுதான் வில்லன். ரிமூவ்-பிரின்ட்ஜாப், கூடவே அந்த ஒரு வேலையோட எண். ஒண்ணே ஒண்ணு. பின்னாடி நிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?

4. அதுக்கும் அசையலையா, "டெலீட்டிங்"னு காட்டிட்டு மணிக்கணக்கா நிக்குதா? ஸ்பூலரை நிறுத்தி எழுப்பு, ஆனா எதையும் அழிக்காதே. நிறைய பேருக்கு இது தெரியறதில்லை. ஸ்பூலர் எழுந்ததும் அந்த ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல்களைப் படிச்சு வரிசையைத் திரும்ப அமைச்சுக்கும். பாதியில நின்ன வேலை மட்டும் முதல் பக்கத்துல இருந்து மறுபடி வரும், அவ்வளவுதான். மூணு வரியில நடு வரியை எடுத்துட்டாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துடும், சொல்லப்போனா.

5. அப்பவும் மாட்டினா, ஸ்பூலர் நின்னிருக்கும்போது அந்த ஒரு ஜோடி ஃபைலை மட்டும் வேற ஃபோல்டருக்கு நகர்த்து. நேரத்தைப் பார்த்து எதுன்னு கண்டுபிடிக்கலாம். டெல் இல்லை, மூவ். ஒரு எழுத்துக் கூடுதலா தட்டினா விரல் தேயாது.

6. சொல்லு. உன் வேலையை எடுத்திருக்கேன், மறுபடி கொடுன்னு அனுப்பினவருக்குச் சொல்லு. எம்எஸ்ஜி கமாண்டுல அனுப்பலாம். அது வேலை செய்யாத இடத்துல இன்டர்காம்ல ஒரு போன். அதுக்கு எந்த ஸ்கிரிப்டும் வேணாம்.

லினக்ஸ் மக்கள் சிரிச்சுக்கிட்டே படிச்சிட்டிருப்பீங்க, தெரியும். உங்க பதிவுகள்லயும் "கேன்சல் மைனஸ் ஏ, மேட்டர் ஓவர்"னு பார்க்கிறேன். அதே பாவம்தான், எழுத்து கம்மி. கப்ஸ் 1999லயே வெளிய வந்துடுச்சு. அதுல எவ்வளவு நாகரிகமான கமாண்டுகள் இருக்கு! எல்பிஸ்டாட் மைனஸ் ஓ போட்டா யார் யார் நிக்கிறாங்கன்னு பேரோட சொல்லும். கேன்சல் கமாண்டுக்கு ஒரே ஒரு வேலையோட எண்ணைக் கொடுக்கலாம். கப்ஸ்ரிஜெக்ட் போட்டா புதுசா வாங்காது, ஏற்கெனவே நிக்கிறதை முடிக்கும், கடை சாத்துற நேரத்துல பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ள இருக்கிறவங்களுக்கு பில் போடுற மாதிரி. எனக்கு ரொம்பப் பிடிச்சது எல்பிமூவ். ஒரு பிரின்டர் படுத்துடுச்சுன்னா அதுல நிக்கிற மொத்த வரிசையையும் பக்கத்து பிரின்டருக்கு மாத்திவிடும். ரேஷன் கடையில ஒரு தராசு ரிப்பேர்னா "எல்லாரும் வீட்டுக்குப் போங்க, நாளைக்கு வந்து முதல்ல இருந்து நில்லுங்க"ன்னு சொல்றவனும் இருக்கான், "அப்படியே இந்தப் பக்கம் வாங்க, அதே வரிசையில"ன்னு சொல்றவனும் இருக்கான். நீங்க யாரா இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

அப்புறம், ஒரு வேலை தோத்துப்போனா என்ன பண்ணணும்னு கப்ஸ்ல எர்ரர் பாலிசி இருக்கு. ஸ்டாப்-பிரின்டர்னு இருந்தா ஒருத்தரோட தப்பான ஃபைலுக்காக பிரின்டரே நின்னுடும். அபார்ட்-ஜாப்னு மாத்தினா அந்த ஒரு வேலை மட்டும் கழண்டு மத்தவங்க போயிட்டே இருப்பாங்க. ரீட்ரை-ஜாப்னா கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணும். உங்க ஆபீஸுக்கு எது சரின்னு யோசிச்சு வைங்க. யோசிக்கிறதுதான் அட்மின் வேலை. அழிக்கிறதுக்கு ஆள் எதுக்கு, கரையான் போதும்.

இப்போ, வரப்போற எதிர்வாதங்களுக்கு முன்கூட்டியே பதில்:

"அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு பாஸ்?" மேல சொன்ன ஆறையும் ஒரே ஸ்கிரிப்டுல ஒரு தடவை எழுதி வெச்சுட்டா ஓட சில விநாடிதான். நேரம் இல்லைன்னு சொல்றது உங்க நேரம். வரிசையில இருந்த பத்துப் பேரும் மறுபடி ஃபைலைத் திறந்து, மறுபடி கொடுத்து, மறுபடி காத்திருக்கிற நேரம் உங்க கணக்குலயே வரலை.

"யூசர்ஸ் ஒரே ஃபைலை பத்துத் தடவை அமுக்குறாங்க, அழிக்காம என்ன பண்றது?" உண்மை, அமுக்குறாங்க. ஏன்? முதல் தடவை அமுக்கினது என்ன ஆச்சுன்னு யாரும் அவங்களுக்குச் சொல்லலை. லிஃப்ட் பட்டனை நாம எத்தனை தடவை அமுக்குறோம்? ஒரே ஆள், ஒரே பேர்ல பத்து வேலை நின்னா பட்டியல்லயே பளிச்சுனு தெரியும். அவரைக் கேட்டுட்டு ஒன்பதை எடுங்க. அவரோட ஒன்பதுக்காக அடுத்தவரோட ஒண்ணை எடுக்காதீங்க.

"இதெல்லாம் ஜன்னலைத் திறந்து ரைட் கிளிக் பண்ணாலே முடியுமே, கமாண்ட் எதுக்கு?" ஒரு பிரின்டர், ஒரு ஆபீஸ்னா தாராளமா கிளிக் பண்ணுங்க. ஏழு கிளையில பதினஞ்சு பிரின்டர்னா, ராத்திரி வீட்டுல இருந்து பார்க்கணும்னா, போன வாரம் எந்த நேரத்துல எது நின்னுச்சுன்னு தெரியணும்னா, கிளிக்குக்கு ஞாபகசக்தி கிடையாது. ஸ்கிரிப்டுக்கு உண்டு, நீங்க கொடுத்தா.

"பேப்பரே ஒழியப் போகுது, இன்னுமா பிரின்டர்?" இந்த வசனத்தை நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து கேட்கிறேன். பரிசோதனைக் கூடத்துல அந்தப் பெரியவர் கையில டச் போன் இல்லை. அவருக்கு ரிப்போர்ட்னா தாள்தான்.

இன்னொரு கோஷ்டியும் இருக்கு, அவங்களையும் விட்டுடக் கூடாது. "யாரும் தொடாதே, ஐடிக்கு டிக்கெட் போடு"ங்கிற பெரிய ஆபீஸ் கனவான்கள். அங்க வரிசை கொளுத்தப்படாது, ஆனா மூணு மணி நேரம் அப்படியே நிக்கும். டிக்கெட் எடுக்கிறவர் வேற ஊர்ல இருப்பார், அவருக்கு எந்த பிரின்டர்னே தெரியாது. பிரின்டருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு எந்த ஃபைல் மாட்டியிருக்குன்னு கண்ணால தெரியும், ஆனா தொட உரிமை இல்லை. விண்டோஸ்ல சும்மா விட்டா ஒருத்தர் தன்னோட வேலையை மட்டும்தான் ரத்து பண்ண முடியும். ஆனா பிரின்டரோட செக்யூரிட்டி பக்கத்துல "மேனேஜ் டாக்குமென்ட்ஸ்"னு ஒரு அனுமதி இருக்கு. அதை அந்த அம்மாவுக்குக் கொடுத்தா, வரிசையில நிக்கிற அடுத்தவங்க வேலையை நிறுத்தி வைக்கலாம், எடுக்கலாம். ஸ்பூலரை நிறுத்த முடியாது, டிரைவரைத் தொட முடியாது, கணினிக்கு அட்மின் ஆக முடியாது. எவ்வளவு தேவையோ அவ்வளவு அதிகாரம், தேவைப்படுற ஆளுக்கு. ஒரே ஒரு டிக். பேட் ஃபைல் வீரர்களும் டிக்கெட் கனவான்களும் எதிரெதிர் கோஷ்டி மாதிரி தெரியும். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு நம்பிக்கை உண்டு: காத்திருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது.

கடைசியா ஒரு பழைய கதை. ரிச்சர்ட் ஸ்டால்மன் ஏன் கட்டற்ற மென்பொருள் பக்கம் போனாருன்னு நம்ம ஆட்கள் எல்லாரும் எழுதியிருக்கோம். எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்கு 1980 வாக்கில் ஜெராக்ஸ் புது லேசர் பிரின்டர் கொடுத்தது, அதோட மூலநிரலைத் தரலை, அதுல அவருக்கு வந்த கோபம்னு. கதையில நாம எப்பவும் "மூலநிரல்"ங்கிற சொல்லைத்தான் பிடிச்சுக்கிறோம். அந்த மூலநிரலை வெச்சு அவர் என்ன பண்ண நெனச்சார்? பழைய பிரின்டர்ல அவர் ஏற்கெனவே பண்ணியிருந்தார்: பிரின்டர் நின்னுடுச்சுன்னா, அதுல அச்சுக்காகக் காத்திருக்கிற எல்லாருக்கும் திரையில சேதி போகும். யாராவது ஒருத்தர் எழுந்து போய் சரிபண்ணுவார். புதுசுலயும் அதையே செய்யணும்னுதான் கேட்டார்.

பாருங்க, பிரின்டர் நின்னதும் அவருக்கு முதல்ல ஞாபகம் வந்தது காத்திருக்கிறவங்க. வரிசையை அழிக்கணும்னு தோணலை, சொல்லணும்னு தோணிச்சு. நம்ம கையில இன்னிக்கு கெட்-பிரின்ட்ஜாப் இருக்கு, எல்பிஸ்டாட் இருக்கு, மூலநிரல்கூட இருக்கு. தோணுறது மட்டும்தான் பாக்கி.

உங்க பழைய பதிவுகள்ல அந்த மூணு வரி கிடந்தா, தயவுசெஞ்சு நடு வரியை எடுத்துடுங்க. எடுக்க மனசு வரலைன்னா, மேல ஒரு வரி சேருங்க: "இதை ஓட்டினா வரிசையில் நிற்கும் எல்லாருடைய வேலையும் போகும், முதலில் அவர்களைக் கேளுங்கள்" என்று. தேடிக்கிட்டு வந்து காப்பி பண்ணிட்டுப் போற தம்பி எந்த ஆபீஸ்ல உட்கார்ந்து அதை ஓட்டுவான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பி.கு: சிஸ்டம்32க்குள்ள பிரின்டிங் அட்மின் ஸ்கிரிப்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல மைக்ரோசாஃப்டே கொடுத்த விபிஸ்கிரிப்ட்கள் இருக்கு, அதுல பிஆர்என்ஜாப்ஸை நானும் நிறைய இடத்துல பயன்படுத்தியிருக்கேன். ஆனா விபிஸ்கிரிப்டையே படிப்படியா விலக்கப் போறதா 2023 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் அறிவிச்சுடுச்சு. இன்னும் அதை நம்பி ஓட்டுறவங்க இப்பவே பவர்ஷெல்லுக்கு மாத்திடுங்க. மாத்தும்போது, யூசர்நேமை மறக்காதீங்க.

பி.கு 2: அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்த ரெண்டு கடிதத்தையும் திருப்பி வாங்கிக் கிழிச்சாச்சு. டாஸ்க் ஷெட்யூலர் பட்டியலை அச்சடிச்சு மேனேஜர் மேசையில வெச்சேன். அந்த பிரிண்ட் முதல் தடவையே வந்துச்சு :-)